மலைச்சரிவில் ஒரு போன்: குறைந்த காசில் எதை வாங்குவது?

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில், தெல்தெனியவையும் மெதமஹநுவரவையும் கடந்து ஏறினால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் தோளில் உட்கார்ந்திருக்கும் சிறு டவுன். இங்கிருந்து பிரியும் வீதிதான் லூல்வத்தை, கோர்பட்ஸ் கேப் வழியாக மீமுரே வரை இறங்குகிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், ஏலக்காட்டின் மிச்சம், சிங்களக் கிராமங்கள். 1815 பெப்ரவரியில் கண்டியின் கடைசி அரசன் வெள்ளைக்காரப் படைக்கு அகப்படாமல் ஒளிந்திருந்ததும் மெதமஹநுவரவை ஒட்டிய இந்தப் பக்கத்தில்தான். ஆளை மறைக்கத் தெரிந்த மலைக்கு அலைவரிசையை மறைப்பது ஒரு வேலையே இல்லை.

இப்படியொரு ஊரில் "முப்பதாயிரத்துக்கு நல்ல போன் எது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை. பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சென்னையிலிருந்து வருகிறது. தமிழில் போன்களை அலசும் யூடியூப்காரர்கள் அநேகம் பேர் தமிழ்நாட்டவர்கள். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் பத்தாயிரம் இந்திய ரூபாய், நம் காசில் மூன்றரை மடங்கு அளவு. அதற்கு மேல் நம் நாட்டு வரியும் இறக்குமதிக்காரரின் இலாபமும் ஏறும். இந்திய இணையக் கடைகளுக்கென்றே வெளியிடும் மொடல்கள் பல இங்கு முறையாக வருவதேயில்லை. ஒரே பெயரில் வரும் போனிலும் உள்ளே இருக்கும் சிப்பும், ஏற்கும் அலைவரிசைகளும் நாட்டுக்கு நாடு மாறலாம். ஆகவே பதிலை இங்கிருந்தே தேட வேண்டும்.

முதலில் காசு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது டொலர் 203 ரூபா அளவிலிருந்து இரண்டு மாதங்களில் 360ஐத் தொட்டது. அதற்கு முன்பே, 2021 செப்டெம்பரில், போன் உட்பட அவசியமற்றவை என்று வகுத்த பொருட்களை இறக்க முழுப் பெறுமதியையும் வங்கியில் முன்வைப்பாகக் கட்ட வேண்டும் என்று மத்திய வங்கி விதித்திருந்தது. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 வீதமானபோது, அதுவரை அந்த வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்த கையடக்கத் தொலைபேசியும் வலைக்குள் வந்தது. இந்த அடிகள் அத்தனையும் விலைச்சீட்டில்தான் விழுந்தன.

மறுபக்கம் சம்பளம். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா; 2024 செப்டெம்பரில் 1,350. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசின் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவும் சேர்த்து 1,750 என்று அறிவித்தது. நாற்பதாயிரம் ரூபா போன் ஒன்று 1,350 கணக்கில் முப்பது நாள் உழைப்பு. 1,750 கணக்கிலும் இருபத்து மூன்று நாள். வேலைக்குப் பேர் போட்டு, கொழுந்து நிறுத்து, சேமலாப நிதி கழித்து வரும் காசு அது. ஒரு மாத உழைப்பை ஒரு கண்ணாடித் துண்டில் கொட்டுகிறவருக்கு "எல்லாமே நல்ல போன்தான் அண்ணே" என்று கடைக்காரர் சொல்வது போதாது.

அதற்காக, வாங்காமல் இருக்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது வகுப்புகள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் நகர்ந்தன. பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே நடந்து பாறையில் ஏறிப் படித்த செய்தி 2021இல் உலகச் செய்தியானது. மலைநாட்டில் அது பலருக்கும் வீட்டுக் கதை. 2022இல் பெட்ரோலுக்கே கியூஆர் குறி வேண்டியிருந்தது. அதைக் கடதாசியில் அச்சிட்டும் கொண்டுபோகலாம் என்றாலும், பதிவுசெய்ய யாரோ ஒருவரின் போன் தேவைப்பட்டது. கொழும்பிலோ குவைத்திலோ வேலை செய்கிற மகளின் முகத்தைப் பார்ப்பதும் போனில்தான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? போனிலிருந்து அல்ல, சிம்மிலிருந்து. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தெற்காசியாவின் முதல் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையில் செல்டெல் தொடங்கியதுதான். 1993இல் மொபிட்டெல், 1995இல் டயலொக், 2009இல் எயார்டெல் என்று போட்டி பெருகி, இப்போது மறுபடி சுருங்கிவிட்டது. எட்டிசலாட்டாக மாறியிருந்த செல்டெலை 2018இல் ஹட்ச் எடுத்தது. எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்தது. மிச்சம் மூன்று நிறுவனம். கண்டி தலதா வீதியில் நின்றால் மூன்றும் ஒன்றுதான். ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஒரு மேடு ஏறி இறங்கினால் மூன்றும் மூன்று உலகம். ஒரே லயத்தில் முன்பக்கக் காம்பராவில் பேச முடியும், பின்பக்கக் காம்பராவில் முடியாது என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முகடு நின்றால் ஒரு இலட்சம் ரூபா போனும் செங்கல்தான்.

இதன் இயல்பு எளிது. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், மேட்டைச் சற்று வளைந்து தாண்டும், மரச்செறிவையும் ஓரளவு துளைக்கும். 1800, 2100 என்று ஏற ஏற அந்தச் சக்தி குறைந்து, வேகம் கூடும். 5ஜிக்கு உலகெங்கும் அதிகம் பாவிக்கும் 3,500 அளவிலான அலைவரிசை இன்னும் குறுகிய தூரமே போகும். நெருக்கமான கோபுரங்கள் உள்ள நகரத்துக்கு அது பொருந்தும். எனவே மலைச்சரிவில் வாழ்கிறவர் '5ஜி போன்' என்ற ஸ்டிக்கருக்காக ஐயாயிரமோ பத்தாயிரமோ கூடக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் காசு வேறு இடத்தில் வேலை செய்யும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: போன் வாங்குமுன் சொந்தக்காரர், அயலவர் என்று மூன்று நிறுவனத்துச் சிம் உள்ள மூன்று பேரை வீட்டு வாசலுக்கும் பிள்ளை படிக்கும் மூலைக்கும் அழைத்துப் பாருங்கள். கோடுகளை எண்ண வேண்டாம். ஒவ்வொரு போனும் கோட்டைத் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. அண்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் 'அபவுட் போன்' பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை எண்ணாகத் தெரியும். 4ஜியில் மறை 90 அளவில் இருந்தால் நல்லது; மறை 110ஐயும் தாண்டி இறங்கினால் வீடியோ வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான். ஒரே இடத்தில் இரண்டு நிறுவனங்களுக்கிடையே இருபது புள்ளி வித்தியாசம் இருந்தால், அதை எந்தப் போனாலும் ஈடுகட்ட முடியாது. இரண்டு சிம் போடும் போன் இங்கே ஆடம்பரமில்லை: வீட்டில் ஒன்று எடுக்கும், டவுனில் மற்றது எடுக்கும்.

சிக்னல் மெலிந்த இடத்தில் போன் தன் குரலை உயர்த்திக் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். பெட்டரி அதிலேயே கரையும். கண்டியில் இரண்டு நாள் நின்ற சார்ஜ் மேலே வந்தால் ஒரு நாள்கூட நிற்காமல் போவது இதனால்தான். பலரும் போனைத் திட்டுகிறார்கள், பாவம். 5,000 மில்லி அம்பியர் பெட்டரி இப்போது மலிவுப் போன்களிலும் சாதாரணம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது மண்சரிவில் வீதிகள் அறுந்தன, மின்சாரம் போனது, பல இடங்களில் சிக்னலும் போனது. அப்படிப்பட்ட நேரத்தில் எப்எம் வானொலி உள்ள போனுக்குத் தனி மதிப்பு. விலை உயர்ந்த போன்கள் பல வானொலியைக் கழற்றிவிட்டன. மலிவுப் போன்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. ஏழைக்குச் சாதகமாக அமைந்த அபூர்வ விஷயம் இது. இயர்போனைச் செருகினால்தான் அது பாடும் என்பதால், செருகும் துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி போனின் உள்ளுறுப்பு. இங்கேதான் வாங்குகிறவரின் கண்ணில் அதிகம் மண் தூவப்படுகிறது. பெட்டியின் மேல் '8 ஜீபீ ரெம்' என்று பெரிதாகவும், கீழே '4+4' என்று பொடியாகவும் இருக்கும். அந்த இரண்டாவது நான்கு உண்மையான ரெம் அல்ல; சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ரெம்மைப் போல் நடிக்கவிடுவது. மலிவுப் போன்களில் அந்தச் சேமிப்பிடம் ஈஎம்எம்சி என்ற பழைய, மெதுவான வகையாக இருப்பதால் நடிப்பும் மெதுவாகத்தான் இருக்கும். முதல் எண்ணை மட்டும் படியுங்கள். இன்றைய நிலையில் உண்மையான 4 ஜீபீ குறைந்தபட்சம். 6 இருந்தால் மூன்றாம் வருடத்திலும் போன் மூச்சுவிடும். 2 ஜீபீ போனை அண்ட்ரொய்ட் கோ என்ற சுருங்கிய பதிப்போடு விற்பார்கள். பேச, வட்ஸ்அப் பார்க்க அது போதும். சூமையும் பாடக் குறிப்பையும் சேர்த்துத் திறக்கும் பிள்ளைக்குப் போதாது. சேமிப்பிடம் 64 ஜீபீ என்றால் அதில் கணிசமான பங்கைப் போனின் மென்பொருளே விழுங்கிவிடும். மிச்சத்தை வட்ஸ்அப் குழுக்களின் காலை வணக்கப் படங்கள் தின்றுவிடும். 128 வாங்குவது புத்தி.

'எட்டு கோர்' என்பதும் அதே மாதிரிதான். எட்டும் எந்த எட்டு? மீடியாடெக்கின் ஹீலியோ ஜீ36 சிப்பில் எட்டுமே கோர்டெக்ஸ் ஏ53 வகை. 2012இல் அறிவித்த வடிவம் அது. ஹீலியோ ஜீ85இலும் யூனிசொக் டீ606இலும் எட்டில் இரண்டு ஏ75. ஹீலியோ ஜீ99இல் அந்த இரண்டும் ஏ76, அதோடு சிப் மின்சாரத்தையும் குறைவாகக் குடிக்கும். விலைச்சீட்டில் இவற்றுக்கிடையே ஐந்தாறு ஆயிரம் வித்தியாசம்தான் தெரியும், பாவனையில் இரண்டு வருடத்து வித்தியாசம் இருக்கும். ஏ53 மட்டுமே உள்ள போனை, பேசுவதற்கு மேல் ஏதாவது செய்ய நினைக்கிறவர் வாங்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த வருடக் கணக்குத்தான் மலிவுக்கும் சிக்கனத்துக்கும் உள்ள வேறுபாடு. முப்பதாயிரம் கொடுத்த போன் இரண்டு வருடத்தில் முடங்கினால் மாதம் 1,250 ரூபா. ஐம்பதாயிரம் கொடுத்தது ஐந்து வருடம் ஓடினால் மாதம் 833. போன் முடங்குவது உடைந்து மட்டுமல்ல. மென்பொருள் புதுப்பிப்பு நின்றால் முதலில் வங்கிச் செயலிகள் முகம் திருப்பும், பின்னர் வட்ஸ்அப். 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அண்ட்ரொய்ட் 5க்குக் கீழ்ப்பட்ட போன்களை வட்ஸ்அப் கைவிட்டது. அந்தக் கோடு காலத்துக்குக் காலம் மேலே நகரும். ஆறு வருடப் புதுப்பிப்பு என்ற வாக்குறுதியை 2024இல் சாம்சங் தன் கலக்ஸி ஏ16 வரைக்கும் கொண்டுவந்தது. அந்த விலைத்தட்டில் அதற்குமுன் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். அதே விலையில் வேறு நிறுவனத்துப் போன் வேகமாக இருக்கலாம், திரை பளிச்சென்று இருக்கலாம். ஒரு போனை ஐந்து வருடம் இழுக்கப் போகும் வீட்டுக்கு நான் புதுப்பிப்பைத்தான் முன்னால் வைப்பேன். வருடா வருடம் மாற்றுகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

கெமராவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 50 மெகாபிக்சல் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும். கூடவே இருக்கும் 2 மெகாபிக்சல் கண்கள் அலங்காரம். வீட்டுக்குள்ளே, மாலை வெளிச்சத்தில், கடையிலேயே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மொழியைப் பொறுத்தவரை, போனில் தமிழ் எழுத்துப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தட்டச்சு தெரியாத அம்மா கூகுள் விசைப்பலகையில் மைக்கை அழுத்திப் பேசினால் தமிழில் எழுதிக்கொள்கிறது. 'தமிழ் (இலங்கை)' என்ற தனித் தெரிவே அதில் உண்டு.

வயதானவர்களுக்குப் பொத்தான் போனே போதும் என்று சொல்லுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 4ஜி அழைப்பு எடுக்கும் பொத்தான் போனாகப் பார்த்து வாங்குங்கள். உலகெங்கும் பழைய 2ஜி, 3ஜி வலைகளை மூடிக்கொண்டு வருகிறார்கள். மலிவு என்று இன்று 2ஜி மட்டும் உள்ளதை வாங்குவது, கடைசி பஸ்ஸுக்குச் சீசன் டிக்கட் எடுப்பது போல.

இனி வாங்கும் இடம். இது தனிக் கல்வி. ஹுன்னஸ்கிரிய டவுனிலோ தெல்தெனியவிலோ உள்ள கொமினிகேஷன் கடையில் வாங்கினால், பழுது வந்தால் மறுநாளே போய்க் கேட்கலாம், ஆள் தெரிந்தவர். கண்டியில் தெரிவு அதிகம், விலையும் பேசலாம், ஆனால் ஒவ்வொரு தரமும் பஸ் காசும் ஒரு நாள் பேரும் போகும். கடை எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது கம்பனி வொரன்ட்டியா, கடை வொரன்ட்டியா? முதலாவது, முறைப்படி இறக்கிய முகவர் பொறுப்பேற்பது. இரண்டாவது, கடைக்காரரின் வாய்ச்சொல்லும் ஒரு அட்டையும். விலை வித்தியாசம் ஐயாயிரம், பத்தாயிரம் வரும்போது பலர் இரண்டாவதற்குச் சாய்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மலிவின் பின்னால் வரி கட்டாத, அனுமதி பெறாத போன் இருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, இலேசானது. போனில் *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐஎம்ஈஐ எண் வரும். 'ஐஎம்ஈஐ' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவானதா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28க்குப் பிறகு புதிதாக வலையில் சேரும் பதியாத போன்களுக்கு இணைப்புக் கிடையாது என்று ஆணைக்குழு அறிவித்தது. அதற்குமுன் பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றது. ஆகவே காசு கொடுக்குமுன், கடையில் நின்றபடியே, இந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்புங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் அன்பளிப்புப் போனுக்கும் முன்கூட்டியே எண்ணைக் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாவித்த போனை நான் எதிர்க்கவில்லை. நல்ல நிலையில் இருக்கும் இரண்டு வருடப் பழைய நடுத்தரப் போன், புதிய அடிமட்டப் போனைவிடப் பல விதத்தில் மேல். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கு முழுதாக நீக்கப்பட்டு, உங்கள் கண்முன் போன் புதிதாகத் தொடங்கப்பட வேண்டும்; இல்லாவிட்டால் பிறகு பூட்டிக்கொள்ளும். திரை மாற்றியதா என்பதை வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பின் பசையைப் பார்த்து ஊகிக்கலாம். இரண்டு சிம்மையும் போட்டு இரண்டு அழைப்பு எடுங்கள். விற்பவரிடம் முதல் பற்றுச்சீட்டும் பெட்டியும் இல்லையென்றால், பெட்டியில் உள்ள எண்ணும் போனில் உள்ள எண்ணும் பொருந்தவில்லையென்றால், விட்டுவிடுங்கள். களவுப் போன் பொலிசார் தேடும் பொருள், வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடைசியாகத் தவணை. இலங்கையில் சிங்கர் நிறுவனம் 1877இலிருந்து இருக்கிறது. தையல் மெஷினைத் தவணைக்கு வாங்கிய பாட்டிகளின் பேத்திகள் இன்று போனைத் தவணைக்கு வாங்குகிறார்கள். வங்கி அட்டை உள்ளவர்களுக்கு வட்டியில்லாத் தவணை கிடைக்கும். கொழுந்து பறிக்கிறவரிடம் அந்த அட்டை இருக்காது. அவருக்குக் கிடைப்பது கடைக்காரரோ கடன் கம்பனியோ தரும் தவணை. ஒரு கணக்குப் போடுவோம்: நாற்பதாயிரம் ரூபா போன், முற்பணமில்லை, மாதம் 4,200 வீதம் பன்னிரண்டு மாதம். மொத்தம் 50,400. "பத்தாயிரம்தானே கூட" என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே போகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், உண்மை வட்டி ஆண்டுக்கு 45 வீதம். இதைவிட, பத்துப் பேர் சேர்ந்து மாதம் நாலாயிரம் போடும் சீட்டு எவ்வளவோ மேல். தோட்டத்துப் பெண்கள் சீட்டுப் பிடித்துத் தோடும் அலுமாரியும் வாங்கிய ஊர்தான் இது. நம்பிக்கையான ஆட்கள் இருந்தால் போனுக்கும் அதுவே சரி. வட்டி என்ற பேச்சே இல்லை.

என் தெரிவு இது: 40,000 முதல் 60,000 ரூபா வரை திரட்ட முடிந்தால், வீட்டு வாசலில் எடுக்கும் சிம்முக்குப் பொருந்தும், 1909இல் பதிவு காட்டும், உண்மையான 6 ஜீபீ ரெம்மும் நீண்டகாலப் புதுப்பிப்பும் கம்பனி வொரன்ட்டியும் உள்ள 4ஜி போன். அது முடியாதென்றால், முப்பதாயிரத்துப் புதுப் போனைத் தவணைக்கு எடுப்பதைவிட, அதே காசுக்குப் பற்றுச்சீட்டோடு வரும் பாவித்த போனைக் கைக்காசுக்கு எடுங்கள். கவரும் டெம்பர்ட் கிளாஸும் அன்றே போடுங்கள். மலிவுப் போனின் டிஸ்பிளே மாற்றும் செலவு சில வேளை போன் விலையில் மூன்றிலொரு பங்கைத் தொடும்.

பற்றுச்சீட்டில் ஐஎம்ஈஐ எண்ணையும் வொரன்ட்டிக் காலத்தையும் கடைக்காரரைக் கொண்டே எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையை 1977 என்ற எண்ணில் அழைக்கலாம். எழுத்து முறைப்பாட்டை வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதலாம்.